மருந்து மார்புக்குப் போகட்டும்

குழந்தைகளின் ஆஸ்துமாவும் இன்ஹேலரைக் கையாளும் முறையும்

ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும் வந்துவிட்டால் குழந்தை மருத்துவர்களின் வாசலில் கூட்டம் பெருகிவிடுகிறது. பகலெல்லாம் ஓடியாடித் திரிந்த பிள்ளை பின்னிரவில் இருமத் தொடங்கி, விலா எலும்புகளுக்கிடையே தசை உள்வாங்க, தொண்டைக்குக் கீழே குழி விழ, மெல்லிய சீழ்க்கை ஒலியோடு மூச்சுக்குத் தவிப்பதைக் கண்டு, அதை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருந்த தாய்மார்களே அக்கூட்டத்தில் பெரும்பாலோர். இழுப்பு என்பார் பாட்டி. வீசிங் என்பாள் தாய். வெறும் சளிதான், மழைக்காலம் போனால் சரியாகிவிடும் என்பார் தகப்பனார். பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்னும் குழந்தைக் காசநோயாக இருக்குமோ என்று சந்தேகத்தைக் கிளப்பிவிட்டுப் போவார் எதிர்வீட்டுக்காரர். ஆஸ்துமா என்று மருத்துவர் சொல்லிவிட்டாலோ, பெண் குழந்தையாயிற்றே, வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணத்துக்கு இடைஞ்சலாகுமே என்று அந்த நிமிஷத்திலேயே கவலைப்படத் தொடங்கும் குடும்பங்களும் உண்டு.

கவலைப்பட வேண்டிய விஷயம் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 26 கோடிப் பேர் இந்நோயால் பாதிக்கப்பட்டிருந்தனர்; 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் மாண்டனர். அதே ஆண்டுக்குரிய உலக நோய்ச்சுமை ஆய்வை நோக்கினால், ஆஸ்துமா உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேர் இந்தியராக இருக்க, ஆஸ்துமா மரணங்களிலோ நூற்றுக்கு 40-க்கு மேற்பட்டவை நம் நாட்டில் நேர்கின்றன. இன்ஹேலர் மருந்துகளைத் தயாரித்து அயல்நாடுகளுக்கெல்லாம் கப்பலேற்றி அனுப்புகிற ஒரு தேசத்தில், மருந்துக் கடை இல்லாத கடைத்தெருவே இல்லை என்று சொல்லத்தக்க ஒரு காலத்தில், இந்த வித்தியாசம் ஏன் நேர்கிறது என்று கேட்டால் இரண்டு காரணங்கள் முன்னே நிற்கின்றன. நோயைத் தடுக்கும் மருந்து பலருக்கு எழுதிக் கொடுக்கப்படுவதும் இல்லை, வாங்கப்படுவதும் இல்லை என்பது முதலாவது. வாங்கியவர்கள் வீட்டிலும் அது குழந்தையின் நுரையீரலைச் சென்று சேர்வதில்லை என்பது இரண்டாவது. அதிகம் பேசப்படாத அந்த இரண்டாவது காரணமே இக்கட்டுரையின் விஷயம்.

நோயின் இயல்பு

மூக்கு வழியே உட்புகும் காற்று, மூச்சுக்குழாயில் இறங்கி, இரண்டாய், நான்காய், எட்டாய்க் கிளைத்துக்கொண்டே போகும் நுண்குழல்களின் வழியாக நுரையீரலின் அடியாழத்தை அடைகிறது. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இக்குழல்களின் உட்சுவரில், இருமல் இல்லாத நாட்களிலும்கூட, ஓர் அழற்சி நிலைகொண்டிருக்கிறது. சளிக்காய்ச்சலோ, புகையோ, தூசியோ, குளிர்ந்த காற்றோ அதைத் தீண்டினால், சுவர் வீங்குகிறது. சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது. கோழையும் சேர்ந்து, முன்னமே குறுகலான பாதையை அடைத்துவிடுகிறது. ஒரு குழந்தையின் மூச்சுக்குழல் பெரியவர்களுடையதைவிடச் சிறியது ஆகையால், சிறிது வீங்கினாலும் பெருந்துன்பம் உண்டாகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும் இழுப்பெல்லாம் ஆஸ்துமா ஆகிவிடாது. வைரஸ் தொற்றினால் இரண்டொரு முறை வந்து மறைவதும் உண்டு. எது எது என்று நிர்ணயிப்பது மருத்துவரின் பொறுப்பு.

தசை இறுகுவதும் சுவர் வீங்குவதும் வெவ்வேறு காரியங்கள் ஆதலால், மருந்தும் இரண்டு வகையாக இருக்கிறது. சால்பியூட்டமால் போன்ற நிவாரண மருந்து, இறுகிய தசையைச் சில நிமிஷங்களில் தளர்த்தி மூச்சை விடுவித்துவிடும். ஆனால் அதன் பலன் நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் நில்லாது. வீக்கத்தை அது தொடுவதும் இல்லை. புடெசொனைடு, ஃப்ளூட்டிகசோன், பெக்லோமெத்தசோன் என்ற பெயர்களில் வரும் தடுப்பு மருந்தோ ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது; அது வீக்கத்தை மெல்ல மெல்லத் தணிக்கும். போட்டவுடன் எவ்வித மாறுதலும் தெரியாது. முழுப்பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். குழந்தை நன்றாக இருக்கும் நாட்களிலும் நாள் தவறாமல் கொடுத்து வரவேண்டும். உடனே சுகம் தருவது நல்ல மருந்து, ஒன்றும் தெரியாதது வீண் செலவு என்று எண்ணுவது மனித சுபாவம். அந்தச் சுபாவத்தினாலேதான், பத்து நாள் இருமல் இல்லையென்றதும் தடுப்பு மருந்து அலமாரிக்குப் போய்விடுகிறது. நிவாரண மருந்து மட்டும் தலையணைக்கு அடியில் தங்கிவிடுகிறது.

இவ்விரு மருந்துகளும் வரும் இன்ஹேலர்களில் நீல நிறக் கருவி பெரும்பாலும் நிவாரண மருந்தாக இருக்கும். ஆயினும் நிறத்தை மட்டும் நம்பாமல், மேலே அச்சிட்டிருக்கும் பெயரைப் படித்து, எது தினமும் கொடுப்பது, எது அவசரத்துக்குக் கொடுப்பது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைப்பது நல்லது. பாட்டியும் குழந்தையும் மட்டும் வீட்டில் இருக்கும் ஒரு மாலைப்பொழுதில் அந்தச் சீட்டு ஓர் உயிரைக் காக்கும்.

ஊமத்தம் புகையிலிருந்து உலோகக் குப்பி வரை

சுவாச நோய்க்குச் சுவாசத்தின் வழியாகவே மருந்து செலுத்த வேண்டும் என்ற யுக்தி புராதனமானது. ஊமத்தையைப் புகைத்து இழுப்பைத் தணிக்கும் வழக்கம் இந்தியாவில் நெடுங்காலம் இருந்தது. சைதாப்பேட்டையில் சாயம் தரும் கொச்சினீல் பூச்சி வளர்ப்பதற்காகக் கள்ளித் தோட்டம் அமைத்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைத் தலைமை வைத்தியராக இருந்தார். அவர் எடுத்துச் சொன்ன இம்முறையை ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி 1802-ல் பிரிட்டனுக்குக் கொண்டு போனார். அதன்பின் நூறாண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்துமா சிகரெட்டுகள் தாராளமாக விற்பனையாயின. ஊமத்தையில் உள்ள அட்ரோபின் மூச்சுக்குழலை விரிப்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு உட்கொண்டால் மருந்து, எவ்வளவு உட்கொண்டால் விஷம் என்று அளக்க வழியில்லாத அந்தச் செடியை இன்று யாரும், அதிலும் குழந்தைகளிடத்தில், பரீட்சித்துப் பார்த்தல் கூடாது.

அளந்து கொடுக்கும் கருவி பிறந்ததற்கு ஒரு குழந்தையே காரணமாக இருந்தாள். அமெரிக்காவில் ரைக்கர் லேபரட்டரீஸ் என்ற மருந்துக் கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் மேசனுடைய பதின்மூன்று வயது மகளுக்கு ஆஸ்துமா இருந்தது. எளிதில் உடையும் கண்ணாடிக் கருவியின் ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி மருந்தை உறிஞ்சிச் சலித்த அச்சிறுமி, கூந்தலுக்குத் தெளிக்கும் வாசனைத் திரவியம் குப்பியிலிருந்து பீறிட்டு வருவதுபோல் என் மருந்தும் ஏன் வரக்கூடாது என்று 1955-ல் தந்தையைக் கேட்டாளாம். அவர் அதைக் குழந்தைப் பேச்சென்று ஒதுக்கவில்லை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரே அளவாக மருந்தை வெளியிடும் வால்வோடு கூடிய உலோகக் குப்பி மறு ஆண்டே, 1956-ல், விற்பனைக்கு வந்தது. 1969-ல் சால்பியூட்டமாலும், 1972-ல் பெக்லோமெத்தசோன் என்ற தடுப்பு மருந்தும் இன்ஹேலர் உருவில் வெளியாயின; இவ்விரண்டும் டேவிட் ஜாக் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானியின் தலைமையில் இங்கிலாந்தின் வேர் நகரத்துச் சோதனைச்சாலையில் உருவானவை.

இடையிலே ஒரு சோகமும் நிகழ்ந்தது. 1960-களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இளம் பிராயத்தினரின் ஆஸ்துமா மரணங்கள் திடீரெனப் பல மடங்கு உயர்ந்தன. வீரியம் மிகுந்த ஐசோப்ரினலின் இன்ஹேலர்கள் கடைகளில் தாராளமாகக் கிடைத்து வந்த காலம் அது. மூச்சு முட்டும்போதெல்லாம் அதை அடித்துக்கொண்டு, நோய் முற்றுவதை உணராமலே வீட்டில் தங்கிவிட்டவர்கள் உயிரிழந்தனர் என்று அக்காலத்து மருத்துவ அறிஞர்கள் கருதினர். அந்தப் பாடம் இன்றும் பழையதாகிவிடவில்லை. பிரிட்டனில் நடந்த ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014-ல் வெளிவந்த தேசிய அறிக்கை, நிவாரண இன்ஹேலர் வாங்கியதற்குக் கணக்குக் கிடைத்த 165 பேரில் நூற்றுக்கு 39 பேர் இறப்பதற்கு முந்திய ஓராண்டில் 12-க்கு மேற்பட்ட நிவாரண இன்ஹேலர்களைப் பெற்றிருந்தனர் என்று சொல்கிறது. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்து ஆவணங்களைக் கொண்டு 2000-ல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியோ, முந்திய ஆண்டில் கூடுதலாக உபயோகித்த ஒவ்வொரு தடுப்பு மருந்துக் குப்பிக்கும் மரண அபாயம் நூற்றுக்கு 21 பங்கு குறைந்ததைக் காட்டியது. நிவாரண மருந்து அடிக்கடி தேவைப்படுவதே, தடுப்பு மருந்து போதவில்லை அல்லது போய்ச் சேரவில்லை என்பதற்கு அடையாளம்.

கைக்கும் மார்புக்கும் நடுவே

ஆஸ்துமாக் குழந்தைகளைக் கவனிக்கும் மருத்துவமனைகளில் அன்றாடம் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. “தினமும் ரெண்டு வேளையும் தவறாமத்தான் அடிக்கிறேன் டாக்டர், ஆனாலும் ராத்திரியில இருமல் நிக்கல” என்கிறாள் தாய். மருந்தின் அளவைக் கூட்டி எழுதுவதற்கு முன்னால், “வீட்டில் எப்படிக் கொடுப்பீங்களோ அப்படியே இங்க ஒரு தடவை கொடுத்துக் காட்டுங்கம்மா” என்கிறார் மருத்துவர். அவள் குப்பியைக் குலுக்குவதில்லை. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறது. இன்ஹேலரோடு பொருத்திய முகமூடி மூக்கின் ஒரு பக்கத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இரண்டு முறை அடுத்தடுத்து அழுத்துகிறாள். வெண்புகை கன்னத்தோரமாக வழிந்து காற்றோடு போகிறது. முகமூடியை எடுத்துவிட்டு, முடிந்தது என்று நிமிர்கிறாள். இரண்டு வேளையும் தவறாமல் கொடுத்தது சத்தியம். மருந்து குழந்தையின் மார்பை எட்டிப் பார்க்கவில்லை என்பதும் சத்தியம். வேருக்குப் பாய வேண்டிய நீரை இலையில் தெளித்துவிட்டுச் செடி வாடுகிறதே என்று வருந்துகிறவர்களைப் போன்றவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

இதில் தாயின் குற்றம் ஏதுமில்லை. மாத்திரையை விழுங்குவதற்குப் பயிற்சி தேவையில்லை. இன்ஹேலருக்கோ பயிற்சியே பாதி மருந்து. சீட்டில் பெயரை எழுதி, “ரெண்டு பஃப், காலை மாலை” என்று சொல்லி, அரை நிமிஷத்தில் அனுப்பிவிடும் அவசரம் மருத்துவர் தரப்பில் இருக்கிறது. பெட்டியை நீட்டிவிட்டுச் சில்லறை எண்ணும் அவசரம் கடைக்காரர் தரப்பில் இருக்கிறது. அழுத்தியவுடன் மருந்து குப்பியிலிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வெளிப்படுகிறது. அந்த வேகத்தோடு நேரே வாய்க்குள் அடித்தால், பெரும்பகுதி தொண்டையின் பின்சுவரில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கைதேர்ந்த பெரியவர்களுக்கே பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் நுரையீரலைச் சேரும். அழுத்துவதும் உறிஞ்சுவதும் ஒரே கணத்தில் நிகழ வேண்டும் என்ற நிபந்தனையை ஒரு குழந்தையால் நிறைவேற்ற இயலாது.

இந்தச் சிரமத்துக்குப் பரிகாரமாக வந்ததுதான் ஸ்பேசர். அது ஒரு சாதாரணப் பிளாஸ்டிக் குழாய். ஒரு முனையில் இன்ஹேலரைப் பொருத்துவதற்கு ஒரு துளை. மறுமுனையில் வாய்க்குழாய் அல்லது முகமூடி. நடுவே, உள்ளிழுக்கும்போது திறந்து வெளிவிடும்போது மூடிக்கொள்ளும் சிறு வால்வு. மருந்து அதற்குள் நின்று வேகம் தணிகிறது. பெரிய துளிகள் சுவரில் தங்கிவிட, நுண்துளிகள் மட்டும் குழந்தையின் சாவதானமான மூச்சோடு உள்ளே போகின்றன. குழந்தைகளுக்கு அழுத்தும் வகை இன்ஹேலர் கொடுப்பதென்றால் ஸ்பேசரோடுதான் கொடுக்க வேண்டும் என்பது குழந்தை மருத்துவத்தில் இன்று சர்ச்சைக்கு இடமற்ற விதி. அவசரத்துக்குத்தான் வேண்டும், வசதியுள்ளவர்களுக்குத்தான் வேண்டும் என்ற எண்ணங்கள் இரண்டும் தவறானவை.

கிரமமாகச் செய்ய வேண்டியவை

குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்தல் முதல் காரியம். படுத்த நிலையில் கொடுப்பது நல்லதல்ல. கைக்குழந்தையை மடியில் சாய்த்து வைத்துக்கொள்ளலாம். இன்ஹேலரின் மூடியைக் கழற்றி, உள்ளே தூசி தும்பு இல்லையென்று பார்த்து, நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் செருக வேண்டும். புதுக் குப்பியானாலும், பல நாள் உபயோகிக்காமல் இருந்த குப்பியானாலும், முதலில் சில முறை காற்றில் அழுத்திவிட்டே குழந்தைக்குக் கொடுக்க வேண்டும்.

முகமூடி மூக்கையும் வாயையும் சேர்த்துச் சுற்றிலும் இடைவெளியின்றிப் படிய வேண்டும். நூலளவு சந்து இருந்தாலும் குழந்தை அந்தச் சந்து வழியாகவே மூச்சு இழுக்கும். மருந்து ஸ்பேசருக்குள்ளேயே நின்றுவிடும். முகத்துக்கு நேரே தூரத்தில் பிடித்துக் காட்டுவதால் யாதொரு பயனும் இல்லை. முகமூடி படிந்த பிறகு ஒரே ஒரு முறை அழுத்தி, குழந்தை ஐந்தாறு முறை சாதாரணமாக மூச்சுவிடும் வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். வால்வு திறந்து மூடுவதைக் கண்ணால் பார்க்கலாம். சில ஸ்பேசர்களில் ‘டிக் டிக்’ என்று காதாலும் கேட்கலாம். அதை ஐந்து வரை எண்ணுவதையே ஒரு விளையாட்டாக்கிவிட்டால் மூன்று வயதுக் குழந்தையும் இசைந்து வரும். இரண்டாவது பஃப் தேவையென்றால், அரை நிமிஷமாவது கழித்து, மறுபடியும் குலுக்கி, தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும். இரண்டையும் ஒன்றாக அழுத்தினால் இரட்டிப்பு மருந்து கிடைக்கும் என்பது வெறும் பிரமை. துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சுவரில் படிந்து, கிடைப்பது குறையவே செய்யும்.

அழுகின்ற குழந்தை ஆழ்ந்து மூச்சிழுக்கிறது, ஆகவே மருந்து நன்றாகப் போகும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. அழுகையின்போது நீண்ட நேரம் வெளிமூச்சும், வெடுக்கென்று ஒரு கணம் உள்மூச்சுமாகச் சுவாசம் நடப்பதால், மருந்து தொண்டையில் படிந்து வயிற்றுக்குப் போகிறதேயன்றி நுரையீரலுக்கு ஏறக்குறையப் போவதே இல்லை. ஸ்பேசரை முன்னதாகவே குழந்தையின் கையில் கொடுத்து விளையாட விடுவதும், பொம்மைக்கு ஒரு முறை போட்டுக் காட்டுவதும், தகப்பனார் தாமே முகத்தில் வைத்துக் காட்டுவதும் பயனுள்ள உபாயங்கள்.

தடுப்பு மருந்து கொடுத்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்பச் செய்ய வேண்டும். கொப்பளிக்கத் தெரியாத குழந்தைக்குத் தண்ணீர் புகட்டி, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிடலாம். இதைச் செய்யாவிட்டால் நாவில் வெண்மையான காளான் படலம் தோன்றக்கூடும். காலையும் மாலையும் பல் துலக்குவதற்குச் சற்று முன்னால் மருந்தை வைத்துக்கொண்டால், கொப்பளிப்பதும் மறவாது, மருந்தும் மறவாது.

ஸ்பேசரை மாதம் ஒரு முறையேனும் பாகம் பாகமாகக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, துணியால் துடைக்காமல் நிழலில் தானே உலரவிட வேண்டும். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி, மருந்துத் துளிகளைச் சுவர் இழுத்துக்கொள்ளும். துலக்கிப் பளபளவென்று வைத்திருக்கும் ஸ்பேசரே இவ்விதத்தில் மருந்துக்குச் சத்துருவாகிவிடுகிறது.

குப்பியில் எவ்வளவு மருந்து மீதி இருக்கிறது என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு மிஞ்சியிருப்பதால், அழுத்தினால் புகை வந்துகொண்டேதான் இருக்கும். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பது நம்பத்தக்க பரீட்சை அல்ல. எண்ணிக்கை காட்டும் கருவியாக இருந்தால் அதைப் பார்க்க வேண்டும். இல்லையெனில் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். 200 பஃப் அடங்கிய குப்பியிலிருந்து நாளைக்கு நான்கு பஃப் வீதம் கொடுத்தால் 50 நாளில் தீரும். தொடங்கிய தேதியையும் தீரும் தேதியையும் அட்டையிலேயே எழுதிவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

பிராயத்துக்கேற்ற கருவி

ஏறக்குறைய நான்கு வயது வரை முகமூடியோடு கூடிய ஸ்பேசர். வாய்க்குழாயைப் பற்களுக்கிடையே வைத்து உதட்டால் மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டதும், முகமூடியை நீக்கிவிட வேண்டும். மூக்கின் வழியே வீணாகும் மருந்து அதனால் மிச்சமாகும். பவுடர் மருந்து அடங்கிய கருவிகள் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே பொருந்தும். ஏனெனில் அவற்றில் உந்துவாயு இல்லை. பொடியை உள்ளே இழுக்கும் வலிமை குழந்தையின் மூச்சிலிருந்தே வர வேண்டும். ஸ்பேசரில் நிதானமாக மூச்சுவிடச் சொன்ன அதே வாயால், பவுடர் கருவியில் வேகமாகவும் ஆழமாகவும் உறிஞ்சச் சொல்ல வேண்டியிருக்கிறது. உறிஞ்சுவதற்கு முன் மூச்சை வெளிவிடும்போது கருவியை வாயினின்று விலக்கிக்கொள்ள வேண்டும். இல்லையேல் பொடி ஈரமாகும், சிதறியும் போகும். ரோட்டாகேப் என்று கடைகளில் வழங்கும் குளிகையை, கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டியதென்று அறியாமல், தண்ணீரோடு விழுங்கிவிட்டு வருபவர்களும் உண்டு. மூச்சுத் திணறல் கடுமையாக இருக்கும் வேளையில் குழந்தையால் வலுவாக உறிஞ்ச முடியாது ஆகையால், பவுடர் கருவியை உபயோகிக்கும் பிள்ளைகளின் வீட்டிலும் அவசரத்துக்கென்று ஸ்பேசரும் சால்பியூட்டமால் குப்பியும் இருப்பது நலம்.

அச்சங்கள் மூன்று

இன்ஹேலர் பழகிவிட்டால் விடாது, குழந்தை அடிமையாகிவிடும் என்பது முதல் அச்சம். கண்ணாடி அணிபவரைக் கண்ணாடிக்கு அடிமை என்று யாரும் சொல்வதில்லை. நோய் மூன்று மாதம் போல் நன்றாக அடங்கியிருந்தால், மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார். வளர வளர நோய் தணிந்து, மருந்தே தேவைப்படாமல் போகும் குழந்தைகளும் பலர். பெற்றோர் தாமாக நிறுத்துவதுதான் ஆபத்து.

முற்றிய நோய்க்குரிய கடைசி மருந்து இன்ஹேலர் என்பது இரண்டாவது. இன்ஹேலரே முதல் மருந்து. சிரப்பும் மாத்திரையும் வயிற்றில் கரைந்து இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றிக் கடைசியிலேதான் நுரையீரலை அடைகின்றன. இன்ஹேலர் நேரே உரிய இடத்துக்குப் போவதால் மிகச் சிறிய அளவே போதுமானதாகிறது.

ஸ்டீராய்டு என்ற பெயரால் வரும் மூன்றாவது அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதென்று சொல்வதற்கில்லை. ஆதலால் அதற்குக் கணக்கோடு பதில் சொல்வதே நியாயம். கடுமையான தாக்குதலின்போது, 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வாய்வழியாகத் தரப்படும் ப்ரெட்னிசலோன் நாளொன்றுக்கு 15 முதல் 30 மில்லிகிராம் வரை. இன்ஹேலரில் ஒரு நாளைக்குச் சாதாரணமாகக் கொடுக்கப்படும் புடெசொனைடு 200 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் ஐந்திலொரு பங்கு. இரண்டும் வெவ்வேறு வீரியமுள்ள மருந்துகளாகையால் இது நேர்க்கணக்கு ஆகாது. எனினும் வித்தியாசத்தின் பரிமாணம் புலப்படும். உயரத்தைப் பற்றியோவெனில், அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 முதல் 12 வயதுக்குட்பட்ட 1,041 குழந்தைகளைச் சேர்த்து நடத்திய பெரிய ஆராய்ச்சியில், நான்கு ஆண்டுகளுக்கு மேல் புடெசொனைடு பெற்ற குழந்தைகள், பெரியவர்களானபோது மற்றவர்களைவிடச் சராசரி 1.2 செண்டிமீட்டர் குட்டையாக இருந்தார்கள் என்று 2012-ல் வெளியிடப்பட்டது. விரல் நகத்தின் அகலமே உள்ள இந்த நஷ்டத்தை ஒரு தட்டிலும், கெட்ட தூக்கத்தையும், தவறிய பள்ளி நாட்களையும், நள்ளிரவு ஓட்டங்களையும், அபூர்வமாயினும் நேரக்கூடிய மரணத்தையும் மறு தட்டிலும் வைத்துப் பார்க்கும் பெற்றோருக்கு முடிவு கடினமாக இராது. ஒவ்வொரு தாக்குதலுக்கும் மாத்திரையாகக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டைத் தவிர்ப்பதற்காகவே இன்ஹேலர் ஸ்டீராய்டு கொடுக்கப்படுகிறது என்பதையும் மறக்கலாகாது.

நெபுலைசரும் பாட்டிலும்

குழந்தைக்கு மூச்சு முட்டினால் “ஆவி வைச்சாத்தான் கேக்கும்” என்று நெபுலைசரை நாடி ஓடுவது நம்மவர் வழக்கமாகிவிட்டது. இரைச்சலோடு புகை கக்கும் அந்த இயந்திரத்தில் ஒரு கம்பீரம் தென்படுவதால், கையளவு ஸ்பேசர் அதற்கு ஈடாகுமா என்ற சந்தேகம் எழுவது இயல்பே. உயிருக்கு ஆபத்தில்லாத ஆஸ்துமாத் தாக்குதல்களில், ஸ்பேசர் வழியாகத் தக்க அளவு கொடுத்த சால்பியூட்டமால், நெபுலைசருக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல என்றும், குழந்தைகள் அவசரப் பிரிவில் தங்கும் நேரம் அதனால் குறைகிறது என்றும், நாடித் துடிப்பு மிகுதியாக ஏறுவதில்லை என்றும் பல ஆராய்ச்சிகளை ஒன்று திரட்டிய காக்ரேன் ஆய்வு கூறுகிறது. ஸ்பேசருக்கு மின்சாரம் வேண்டாம், பஸ்ஸிலும் கொடுக்கலாம். பிராணவாயு தேவைப்படும் கடுமையான நிலையில் நெபுலைசருக்குரிய இடம் மருத்துவமனையில் இருக்கவே இருக்கிறது. கொதிநீரில் துணி மூடி ஆவி பிடிக்க வைப்பதோ ஆஸ்துமாவுக்கு மருந்தல்ல. கொதிநீர் கொட்டி வெந்துபோகும் குழந்தைகளை எந்தத் தீக்காயப் பிரிவிலும் காணலாம்.

ஸ்பேசர் வாங்கச் சக்தியில்லாதவர்களுக்கும் வழி உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்தில் ஹெதர் ஸார் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும், குளிர்பானம் வரும் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாயின் அளவுக்குத் துளையிட்டு, இடைவெளி இல்லாமல் ஒட்டி, அதையே ஸ்பேசராக உபயோகித்துப் பார்த்தார்கள். கடையில் வாங்கிய ஸ்பேசருக்கு அது சமானமாக வேலை செய்ததென்றும், தெர்மோகோல் கோப்பை அவ்வாறு செய்யவில்லையென்றும் 1999-ல் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியிட்டார்கள். இதைச் செய்துகொள்ள விரும்புவோர் மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டு உபயோகிக்கலாம்.

தாமதிக்கக் கூடாத வேளை

தாக்குதல் வந்தால் எத்தனை பஃப், எத்தனை நிமிஷத்துக்கொரு முறை, எந்தக் கட்டத்தில் மருத்துவமனை என்பதை ஒரு தாளில் எழுதித் தரும்படி மருத்துவரை முன்கூட்டியே கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டிவைப்பது ஒவ்வொரு வீட்டுக்கும் அவசியம். அந்தத் தாளில் உள்ளபடி நிவாரண மருந்து கொடுத்தும் மூச்சு தணியாவிட்டாலும், தணிந்த இழுப்பு ஓரிரு மணி நேரத்துக்குள் திரும்பினாலும் காத்திருக்கக் கூடாது. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் குழந்தை திக்கினாலும், பால் குடிக்க முடியாமல் கைவிட்டாலும், நாசித் துவாரம் விரிந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், சோர்ந்து மயங்கினாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும் வரையிலும், போகும் வழியிலும் ஸ்பேசரில் நிவாரண மருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சீழ்க்கை ஒலி நின்றுவிட்டது, ஆகவே குணமாகிவிட்டது என்று ஏமாறக் கூடாது. காற்றே போகாத மார்பில் ஒலி எழாது.

மருந்து ஒரு பக்கம் கிரமமாக நடக்க, வீட்டில் மறுபக்கம் புகை எழுந்துகொண்டிருந்தால் பயனில்லை. தலைக்கு ஊற்றிய குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவது நம் பாட்டிமார் அன்போடு கைக்கொண்ட சம்பிரதாயம். ஆயினும் இழுப்புள்ள குழந்தைக்கு அது ஆகாது. கொசுவர்த்திச் சுருளும், போகிப் பண்டிகைப் புகையும், திண்ணையில் தாத்தா பிடிக்கும் பீடியும் அவ்விதமே. பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியரிடம் நோயை மறைக்காமல் சொல்லி, ஒரு நிவாரண இன்ஹேலரும் ஸ்பேசரும் அங்கே இருக்கும்படி செய்ய வேண்டும். விளையாட்டிலிருந்து பிள்ளையை ஒதுக்கி உட்காரவைக்கத் தேவையில்லை. பின்லாந்து தேசத்தில் 1994-ல் தொடங்கிய பத்தாண்டு ஆஸ்துமாத் திட்டம், தடுப்பு மருந்தை ஆரம்பத்திலேயே கொடுப்பதையும், நோயாளிக்கும் செவிலியருக்கும் மருந்தாளுநருக்கும் கற்றுக்கொடுப்பதையும் முக்கியமாகக் கொண்டு நடந்து, ஆஸ்துமாவுக்காக மக்கள் மருத்துவமனையில் கழித்த நாட்களைப் பாதிக்கும் கீழாகக் குறைத்துவிட்டது. புது மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. இருந்த மருந்தைச் சேரவேண்டிய இடத்தில் சேர்த்தார்கள்.

ஆகவே மருத்துவர்களிடத்தில் ஒரு விண்ணப்பம்: மருந்தின் அளவை உயர்த்துமுன், குழந்தை அதை எடுத்துக்கொள்ளும் விதத்தை ஒரு முறை கண்ணால் பாருங்கள். பெற்றோரிடத்திலும் ஒரு விண்ணப்பம்: அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பழைய சீட்டை மட்டும் எடுத்துப் போகாமல், இன்ஹேலரையும் ஸ்பேசரையும் பையில் வைத்து எடுத்துப் போங்கள், அவர் கேட்காவிட்டாலும் நீங்களே, “நான் கொடுக்கிற முறை சரியா, பார்த்துச் சொல்லுங்கள்” என்று அவருக்கு முன்னால் ஒரு பஃப் கொடுத்துக் காட்டுங்கள். அதற்குச் செலவாகக்கூடியது இரண்டு நிமிஷந்தான்.